'ஆனா ஆவன்னா'வும் அகர ஓசையும்: அரிச்சுவடி பற்றி ஒரு திறனாய்வு

காப்பியங்களைத் திறனாய்வு செய்கிறோம். கவிதைகளைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்துகிறோம். ஆனால் ஒரு தமிழ்ப் பிள்ளை முதன்முதலாகக் கையில் எடுக்கிற நூல் அரிச்சுவடி. அதை எடைபோட்டுப் பார்ப்பவர் நம்மில் குறைவு. 'சின்னப் பிள்ளைங்க புத்தகம்தானே, அதுல என்ன இருக்கு' என்று விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அப்படி விட்டாலும் பெரிய பாதகமில்லை. அங்கே கடைப் பலகையும் பஸ் போர்டும் சுவரொட்டியும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிவிடும். மும்பையில் இருக்கிற நமக்கு அந்த வசதி கிடையாது. இங்கே பிள்ளை கண்ணில் படுகிற தமிழ் எழுத்து அநேகமாக அந்த ஒரு புத்தகத்தில் இருப்பதுதான். ஆகவே அது சரியில்லை என்றால் நமக்கு மாற்று வழி இல்லை.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப் பண்டிதன் அல்லன். நாற்பது வருஷமாகக் காகிதமும் நோட்டுப் புத்தகமும் விற்கிறவன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். வீட்டில் நன்னூல் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தேன். என் கடையில் அரிச்சுவடியும் எழுத்துப் பயிற்சி நோட்டும் விற்கின்றன. விற்கிறவனே குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். சரக்கின் குறை விற்கிறவனுக்குத்தானே முதலில் தெரியும்?

பெயர் வேறு, ஓசை வேறு

பழைய திண்ணைப் பள்ளி வழக்கத்தில் 'அ' என்ற எழுத்துக்குப் பெயர் ஆனா. 'ஆ'வுக்கு ஆவன்னா, 'இ'க்கு ஈனா, 'ஈ'க்கு ஈயன்னா, 'ஃ'குக்கு அக்கன்னா. நம் வீடுகளில் பாட்டிமார் இன்றும் இப்படித்தான் ஆரம்பித்துவைக்கிறார்கள். கேட்கவும் இனிமையாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குறிலாகிய 'அ'வுக்கு நாம் சொல்லும் பெயர் 'ஆ' என்ற நெடிலில் தொடங்குகிறது. குறிலாகிய 'இ'யின் பெயர் 'ஈ'யில் தொடங்குகிறது. பிள்ளைக்கு முதல் நாளே குறிலும் நெடிலும் குழம்பிவிடுகிறது. வீட்டிலும் தெருவிலும் நாள் முழுக்கத் தமிழ் கேட்கிற பிள்ளை இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். தமிழை அம்மா வாயில் மட்டும் கேட்கிற பிள்ளை 'அம்மா' என்ற சொல்லில் ஆனா எங்கே இருக்கிறது என்று தேடும்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எழுத்தைக் குறிப்பிட அதன்மேல் ஒட்டுகிற சாரியைகளைத் தனியே சொல்லியிருக்கிறார். நெடிலுக்குக் காரம், குறிலுக்குக் கரம், ஐ, ஔ ரெண்டுக்கும் கான், மெய்க்கு அகரம் என்று அவை வரும். அகரம், ஆகாரம், ஐகான் என்றெல்லாம் சொல்கிறோமே, அவை எழுத்தைச் சுட்டுவதற்கான பிடிகள். கரண்டியின் காம்பைப் போல. காம்பைச் சாப்பிட முடியாது. எழுத்து என்பதே முதலில் ஓசை, வரி பிறகு என்பதுதான் பவணந்தியார் கொள்கை. ஓசையையே அணுக்களின் திரட்சி என்று கொண்ட சமண மரபு அவருடையது. வரிவடிவத்தை அவர் தனியாகச் சொல்கிறார். ஓசை எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்கிறார். ககரமும் ஙகரமும் அடிநாவில், பகரமும் மகரமும் உதட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டுகிறார். குழந்தைக்கு 'ம' சொல்லிக்கொடுக்கும்போது 'உதட்டை மூடு கண்ணு' என்று சொல்கிற தாய் நன்னூலைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்துக்கு மட்டும் நாம் ஓசையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். 'ஃபோனிக்ஸ்' வகுப்பு என்று மூன்று வயசுப் பிள்ளையை அனுப்புகிறோம். அங்கே 'எஸ்' என்று பெயர் சொல்லாமல் 'ஸ்' என்று ஓசை சொல்லித் தருகிறார்கள். இங்கிலாந்தில் 2006ல் வந்த ரோஸ் அறிக்கை இந்த முறையை வற்புறுத்தியது. 2012 முதல் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சோதனையே வைக்கிறார்கள். எழுத்துக்கும் ஓசைக்கும் ஒழுங்கே இல்லாத ஆங்கிலத்துக்கு இவ்வளவு பாடு. ஒழுங்கு நிறைந்த தமிழுக்கு ஆனா ஆவன்னா போதும் என்று இருக்கிறோம்.

ஒரு ககரத்துக்கு எத்தனை ஓசை?

இங்கே வளர்கிற பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'மராத்தியில நாலு க இருக்கே, தமிழ்ல ஏன் ஒண்ணுதான்?' பெரியவர்கள் பலர் இதற்குப் பதில் தெரியாமல், 'நம்ம மொழியில் எழுத்துக் குறைச்சல்' என்று சொல்லிவிடுகிறார்கள். அரிச்சுவடியும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. க என்று போட்டுப் பக்கத்தில் கண் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறது. பிள்ளை 'பங்கு' என்ற சொல்லைப் படிக்கும்போது 'பங்க்கு' என்று கடினமாகப் படிக்கிறது. வீட்டில் கேட்கிற சொல்லும் புத்தகத்துச் சொல்லும் ஒட்டவில்லை. தமிழ் கஷ்டம் என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது.

உண்மையில் இதற்கு ஒரு நேர்மையான விதி இருக்கிறது. வல்லின எழுத்து யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சொல்லின் முதலில் வந்தால் வன்மை: கல், தலை, பல். இரட்டித்தாலும் வன்மை: பக்கம், பத்து, அப்பா. தன் இன மெல்லினத்துக்கு அடுத்து வந்தால் மென்மை: பங்கு, பந்து, அம்பு. ரெண்டு உயிருக்கு நடுவில் தனியாக வந்தால் இன்னும் இளக்கம்: பகல், கதவு. சகரம் மட்டும் சொல் முதலில் வழுக்கும். ஆனாலும் பச்சை, மஞ்சள், பசி என்ற மூன்றையும் சொல்லிப் பார்த்தால் அதே விதி தெரியும். காந்தி, புத்தர் போன்ற வெளியிலிருந்து வந்த பெயர்களில் இந்த விதி செல்லாது. அவற்றைப் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். நன்னூலின் எழுத்து வரிசையில் ககரத்துக்கு அடுத்து ஙகரம், தகரத்துக்கு அடுத்து நகரம், பகரத்துக்கு அடுத்து மகரம் என்று இனத்தை இனத்தோடு சேர்த்துவைத்திருப்பதும் இந்த உறவால்தான்.

ஒரு எழுத்துக்கு ரெண்டு ஓசை என்பது தமிழுக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. மராத்தியில் நாலு என்ற பொருளுடைய 'சார்', சக்கரம் என்ற பொருளுடைய 'சாக்' ரெண்டுக்கும் முதலெழுத்து ஒன்றேதான். ஓசை வேறு. அங்கே சொல்லைத் தெரிந்தவனுக்குத்தான் ஓசை தெரியும். தமிழில் பக்கத்து எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தப் பெருமையைப் பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாமே!

பன்னிரண்டும் பன்னிரண்டும்

மராத்திப் பள்ளியில் பிள்ளைகள் 'பாராகடி' ஒப்பிக்கிறார்கள். ஒரு மெய்யோடு பன்னிரண்டு உயிர்க்குறி சேர்த்துச் சொல்வது. நமக்கும் உயிர் பன்னிரண்டு. ஆகவே எல்லாம் ஒன்றுதான் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. ஆனால் அவர்கள் பன்னிரண்டில் கடைசி ரெண்டும் 'அம்', 'அஃ'. நம் பன்னிரண்டில் அவை இல்லை. அதற்குப் பதிலாகக் குறில் எ, குறில் ஒ ரெண்டும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் சறுக்குவதும் அந்த ரெண்டில்தான். கொடு, கோடு. தொடு, தோடு. கெடு, கேடு. எல்லாவற்றையும் நெடிலாகவே படிக்கிறார்கள். இது பிள்ளையின் மந்தம் அல்ல. அவன் காதுக்குப் பள்ளியில் அந்த வேறுபாட்டைக் காட்டியதில்லை.

பழைய ஓலையில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைத்துக் காட்டுவது இலக்கண முறை. புள்ளியை எடுத்துவிட்டு, நெடிலுக்கு இரட்டைச் சுழிக்கொம்பு போட்டுக் காட்டியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். பெரியவர்களுக்கே குழப்பம் தந்த இடம் அது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அப்படியிருக்க, வெளிமாநிலத்துப் பிள்ளைக்கு அரிச்சுவடி இந்த ரெண்டு எழுத்துக்கும் நாலு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா?

குறிகள் நிற்கிற இடத்திலும் சிக்கல் இருக்கிறது. மராத்தியில் குறில் இகரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். தமிழில் 'கி' வலப்பக்கம் வளையும். மராத்தியில் ஏகாரக் குறி தலைக்கு மேலே. தமிழில் 'கே' இடப்பக்கம். ஒகரமோ ரெண்டு பக்கமும் நிற்கிறது. ஔகாரத்தில் ளகரம் மாதிரி ஒன்று வந்து பிள்ளையை ஏமாற்றுகிறது. 'கௌ' என்பதைக் 'கெள' என்று படிக்காத பிள்ளை ஏது?

வரிசைக் கணக்கு

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இது வியாபாரிக்கு இருப்புக் கணக்கு மாதிரி. இருப்பு முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் முதல் நாளே கொட்டுகிறவன் வியாபாரி அல்லன். நம் ஞாயிறு வகுப்பு வாரத்துக்கு ஒன்று. வகுப்புக்கு நாலு எழுத்து என்று வைத்துக்கொண்டால் 247 எழுத்தையும் வரிசையாக முடிக்க 62 வாரம். ஒரு வருஷத்துக்கு மேல். அதுவரை பிள்ளை ஒரு வாக்கியம் படிக்காது. அதில் ஙகர வரிசைக்கு மட்டும் மூன்று வாரம். இங்ஙனம், அங்ஙனம் போன்ற சில சொற்களைத் தவிர 'ங' வருவதே இல்லை. ஙீ, ஙூ, ஙோ எந்தச் சொல்லில் வரும்? ஔவையார்கூட ஆத்திசூடியில் ஙகரத்துக்கு வந்தபோது அந்த எழுத்தின் வடிவத்தையே உவமையாக்கிப் பாடம் சொன்னார்.

மாறாக, ட, ப, ம என்ற மூன்றோடும் ஒரு புள்ளியோடும் தொடங்கிப் பாருங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் அன்றைக்கே கிடைத்துவிடும். படத்தில் டகரம் மெலிவு, பட்டத்தில் வன்மை. மேலே சொன்ன ஓசை விதியும் முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த வாரம் ரகரமும் காலும் சேர்த்தால் மரம், பாடம், மாடம், பாரம். கைக்கும் இதுதான் எளிது. கீழே இழுத்து வலப்பக்கம் போனால் ட. அதையே மேலே ஏற்றினால் ப. ஏற்றியதை உள்பக்கமாக வளைத்து இறக்கினால் ம. முதல் பக்கத்தில் இருக்கிற 'அ'வையும் 'இ'யையும் பாருங்கள். சுழி, வளைவு, மடிப்பு எல்லாம் ஒரே எழுத்தில்! நாலு வயசுப் பிள்ளையின் விரல் என்ன செய்யும்?

'வரிசையை விட்டால் மரபு போய்விடாதா' என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரிசை வேண்டும்; அகராதி பார்க்க வேண்டும், இலக்கணம் படிக்க வேண்டும். எழுத்துகளின் முறை வைப்புக்குப் பவணந்தியார் காரணமும் சொல்கிறார். ஆனால் அவர் யாருக்குச் சொன்னார்? தமிழ் பேசி, படித்து, அதன்பின் இலக்கணம் கேட்க வந்தவர்களுக்கு. அவர் வரிசை, தெரிந்ததை ஒழுங்குபடுத்துகிற வரிசை. தெரியாததைத் தொடங்குகிற வரிசை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பிள்ளை ஓரளவு படிக்கத் தொடங்கியபின் வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான்.

அவசரமும் வேண்டாம். கன்னடப் பிள்ளைகளின் எழுத்தறிவு பற்றிச் சோனாலி நாக் 2007ல் வெளியிட்ட ஆய்வு, இந்த மாதிரி உயிர்மெய் எழுத்துமுறைகளை முழுவதும் கைவசப்படுத்த ஆரம்ப வகுப்புகள் பல ஆகின்றன என்று காட்டுகிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்தை ஒரு வருஷத்தில் முடித்த பிள்ளை தமிழில் மூன்றாம் வகுப்பு வரை தடுமாறினால் அது இயல்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனசை ஒடிக்காதீர்கள்.

கையும் கோடும்

என் கடையில் அதிகம் விற்பது புள்ளிக்கோடு போட்ட பயிற்சி நோட்டு. பிள்ளை பென்சிலால் புள்ளிகளின்மேல் ஓட்டிக்கொண்டே போகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கோடு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது என்பதைப் பெற்றோர் பார்ப்பதில்லை. டகரத்தை வலமிருந்து இடமாக இழுத்து, பிறகு மேலே ஏற்றுகிற பிள்ளைகள் உண்டு. முடிவில் வடிவம் சரியாகத்தான் இருக்கும்; வேகமாக எழுத வேண்டிய வயதில் கை முரண்டு பிடிக்கும். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். தாமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் படிப்புக்குரிய மூளைப் பகுதிகள் வேலை செய்தன. தட்டச்சு செய்ததற்கும் கோட்டின்மேல் ஓட்டியதற்கும் அப்படி இல்லை. சிறிய ஆய்வுதான், வேற்று எழுத்துதான். ஆனாலும் புள்ளிக்கோடு நோட்டை மட்டும் நம்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

நம் திண்ணைப் பள்ளியில் என்ன செய்தார்கள்? மணலைப் பரப்பி, ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவைத்தார்கள். 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தம் பள்ளியில் எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பி 1797ல் அதைப் பற்றி நூலும் எழுதினார். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு மணல் தட்டு போனது இப்படித்தான். பிறகு மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவவைத்தார். அவரே 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் ரெண்டு முறைக்கும் பொது. நாமோ மணலை விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியாக ஒரு நாள் சடங்காக்கிவிட்டோம். ஒரு தாம்பாளமும் ஒரு கிலோ ரவையும் போதும். அதன் பிறகு சிலேட்டும் பலப்பமும். பென்சிலும் நோட்டும் மெதுவாக வரட்டும். நோட்டு வியாபாரி சொல்கிறேன், நம்புங்கள்.

நோட்டு வாங்கும்போதும் ஒரு விஷயம். நாலு கோட்டு நோட்டு ஆங்கில எழுத்துக்காகச் செய்தது. தேவநாகரி மேல்கோட்டிலிருந்து தொங்குகிற எழுத்து. அந்தப் பழக்கத்தில் பிள்ளை தமிழையும் மேல்கோட்டில் தொங்கவிடுகிறது. தமிழுக்கு இரட்டைக் கோடு நல்லது. எழுத்தின் உடம்பு ரெண்டு கோட்டுக்குள் இருக்கும். புள்ளியும் இகரக் கொம்பும் மேலே போகும். உகர வளைவுகள் கீழே இறங்கும். உகரத்தையும் வரிசையாகச் சொல்லாமல் சாயல் பார்த்துச் சேர்த்துச் சொல்லலாம்: சு, பு, யு, வு ஒரு குடும்பம், கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம், ணு, து, நு, லு, று, னு இன்னொரு குடும்பம்.

ஊரிலிருந்து வரும் பழைய கடிதங்களில் 'லை', 'ணா' முதலியவை வேறு வடிவத்தில் இருக்கும். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்திய வடிவம் அது. தாத்தா பாட்டி அப்படி எழுதினால் குற்றமில்லை. சின்னப் பிள்ளைக்கு மட்டும் முதலில் ஒரே வடிவத்தைக் காட்டுங்கள். பத்து வயதில் பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தால் பிள்ளை ஆசையாகக் கண்டுபிடிக்கும்.

வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது?

'எங்களுக்கு நேரமில்லை, அம்மா பார்த்துக்குவா' என்று தகப்பன்மார் தப்பித்துக்கொள்கிறார்கள். சமணர்களின் ஆதிபுராணத்தில் ஒரு செய்தி உண்டு. ஆதிபகவனாகிய விருஷப தேவர் தம் ரெண்டு பெண்மக்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் சொல்லிக்கொடுத்தார். எழுத்தை வலக்கையாலும் எண்ணை இடக்கையாலும் எழுதிக் காட்டினார் என்பது மரபு. நம்பிக்கையாகவோ கதையாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் ஆசிரியர் தகப்பன், முதல் மாணவர்கள் பெண் குழந்தைகள், பள்ளிக்கூடம் வீடு. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை அடித்துத் திருத்துகிறவர்களும் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளலாம்.

'பேசினாலே போன் எழுதிக் கொடுத்துடுது, எதுக்கு இதெல்லாம்' என்பவர்களும் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்ஆப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். அதில் எகரமா ஏகாரமா, லகரமா ளகரமா என்பது தெரியாது. தமிழ் ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் அது புரியும். மூன்றாம் தலைமுறைக்கு அது புதிர்தான். நம் பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் தமிழ் வகுப்பை விட்டு நிற்பது பாசக் குறைவால் அல்ல என்பது என் கருத்து. ஒரு வருஷம் வந்தும் ஒரு வாக்கியம் படிக்க முடியாத அலுப்பால் நிற்கிறார்கள். அந்தக் குறை புத்தகத்தின்மேல்.

தமிழ்நாட்டு அரிச்சுவடியை அப்படியே வரவழைத்துக் கொடுப்பதை நிறுத்துவோம். மராத்தியும் இந்தியும் படிக்கிற பிள்ளைக்கென்று, ஓசையில் தொடங்கி, படம், பட்டம் என்று சொல்லுக்குப் போய், எகர ஒகரத்துக்குத் தனி இடம் கொடுத்து, வரிசையைக் கடைசியில் வைத்து, இருபத்துநாலு பக்கத்தில் ஒரு சுவடி நாமே செய்யலாம். நம் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் எழுதட்டும். அடுத்த விஜயதசமிக்குள் சங்கம் இதை எடுத்துச் செய்தால் காகிதம் என் பொறுப்பு.